தக்காளியும் அரளியும் ஒரே தோட்டத்தில்

அரளி, அடினியம், டிஃபன்பேக்கியா போன்ற விஷச்செடிகள் நிற்கும் தோட்டத்தில் தக்காளி வைக்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மண்ணைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். வேர் வழியாக விஷம் காய்க்கு ஏறிவிடுமோ என்று சந்தேகம். பக்கத்தில் அரளி நிற்பதாலேயே தக்காளிப் பழம் விஷமாகிவிடாது. தோட்டத்துக்குள் விஷம் இடம் மாறுவது அநேகமாக நம் கையால்தான். அரளியை வெட்டிய கத்தரிக்கோலைக் கழுவாமல் தக்காளியில் வைப்பது, முட்டுக்கொடுக்க அரளிக் குச்சியை ஒடிப்பது, வெட்டிய இலையை மண்ணை மூடும் மூடாக்காகப் பரப்புவது, பெயர் எழுதாத பொட்டலத்தில் விதை சேர்த்து வைப்பது என்று வழிகள் பல.

வேர் வழியாக விஷம் ஏறாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு ஒட்டுக் கட்டுவது, அதாவது ஒரு செடியின் வேர்ப்பகுதியில் (வேர்ச்செடி) இன்னொரு செடியின் தண்டை இணைப்பது. ஊமத்தையும் தக்காளியும் ஒரே குடும்பம் என்பதால் ஊமத்தை வேர்ச்செடியில் தக்காளி ஒட்டு நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஊமத்தையின் விஷமான அல்கலாய்டுகள் உருவாவது அதன் வேரில். அங்கிருந்து தண்டு வழியாக ஏறிப் பழத்திலும் சேரும். இப்படி ஒட்டிய செடியின் பழத்தைத் தின்று ஆட்கள் நஞ்சேறிப் படுத்திருக்கிறார்கள். ஒட்டு நாற்று வேண்டுமென்றால் தக்காளி அல்லது கத்தரி வேர்ச்செடியில் ஒட்டியதை மட்டும் எடுங்கள்.

எதை எங்கே வைப்பது

வெயில் விழும் இடத்தை முதலில் தக்காளிக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு நாளில் 6 முதல் 8 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். 4 மணி நேரம் கிடைத்தால் செடி வளரும், காய் சொற்பம்தான். டிஃபன்பேக்கியா, கலாடியம் இரண்டும் நிழலில் செழிப்பவை, அவற்றால் இடப்போட்டி இல்லை. அரளியும் அடினியமும் வெயிலுக்கு அலைபவை. அரளிப் புதருக்கும் தக்காளிப் பாத்திக்கும் நடுவே 2 மீட்டராவது விடுங்கள். அரளி நிழல் போடும், அதன் வேர் பாத்திக்குள் நுழைந்து தண்ணீரை உறிஞ்சும், உதிரும் இலை காய்களுக்கு நடுவே விழும். காய்ந்த அரளி இலையிலும் விஷம் அப்படியே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஊமத்தை, அதன் உறவான பிருக்மான்சியா (தொங்கும் எக்காளப் பூச்செடி) விஷயம் வேறு. தக்காளியைத் தாக்கும் வெள்ளை ஈ, சிலந்திப் பேன், சில வைரஸ்கள் எல்லாம் இவற்றிலும் குடியிருக்கும். வெள்ளை ஈக்கு 2 மீட்டர் ஒரு தூரமே இல்லை. தக்காளி, ஊமத்தை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஊமத்தையைத்தான் பிடுங்கச் சொல்வோம். பிருக்மான்சியா பூவுக்காக வைத்தே ஆகவேண்டும் என்றால் வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

நாற்று

விதையை அரை முதல் 1 சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். 25–30 டிகிரி சூட்டில் 5 முதல் 8 நாளில் முளைக்கும். குழித்தட்டில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் 2:1 கலந்து நிரப்பினால் போதும். முளைத்த உடனே வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு நாள் இருட்டில் இருந்தாலும் தண்டு நூல்போல நீண்டு சாய்ந்துவிடும். தண்டு மண்மட்டத்தில் கறுத்து, நாற்று மடிந்து விழுந்தால் அது நாற்றழுகல். தண்ணீர் அதிகமாகிவிட்டது, காற்றோட்டம் இல்லை என்று அர்த்தம். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. பக்கத்து நாற்றுகளை வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்துக்கு மாற்றி, மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

பழைய தொட்டி மண்ணைத் திரும்பப் பயன்படுத்தினால் ஊமத்தை தானாக முளைத்து நிற்கும். ஒரு காயில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும், அவை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். முதல் இரண்டு வித்திலைகள் தக்காளிக்கும் ஊமத்தைக்கும் நீளவாக்கில் கூர்மையாக ஒன்றுபோலவே தோன்றும். அதனால் அவசரப்பட வேண்டாம். மூன்றாவதாக வரும் இலைதான் காட்டிக்கொடுக்கும். தக்காளியின் முதல் உண்மை இலையிலேயே ஓரத்தில் வெட்டுகள் விழுந்திருக்கும், அடுத்தடுத்த இலைகள் தனித்தனிச் சிற்றிலைகளாகப் பிரியும். விரலால் தேய்த்தால் தக்காளி வாசம் தூக்கும், விரலில் மஞ்சள் பச்சைக் கறை படியும். ஊமத்தையின் முதல் இலை வெட்டில்லாமல் முழுதாக இருக்கும், கசக்கினால் குமட்டும் நாற்றம். குழப்பம் அதிகம் வருவது கத்தரி நாற்றில், ஏனென்றால் கத்தரி இலையும் முழு இலை. கத்தரியும் சேர்த்து வளர்ப்பவர்கள் தானாக முளைத்த எதையும் நாற்று என்று நம்பி நட்டுவிடாதீர்கள்.

நடவு

25–30 நாளில், 4 அல்லது 5 இலை வந்ததும் நாற்றை மாற்றலாம். அதற்கு முந்தைய 5 நாள் தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துப் பழக்குங்கள். நடும்போது கீழிரண்டு இலையைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள். தக்காளித் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். நூல்போல நீண்டுபோன நாற்றைக்கூட படுக்கவைத்து நட்டு, நுனியை மட்டும் வெளியே விட்டால் தேறிவிடும். மற்றக் காய்கறிகளுக்கு இந்த வேலை ஆகாது. ஒட்டு நாற்றுக்கும் ஆகாது, ஒட்டின இடம் மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும்.

தரையில் செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர். தொட்டி என்றால் ஒரு செடிக்கு 20 லிட்டர், ஆழம் 30 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. குட்டை ரகத்துக்கு 12 லிட்டர் போதும். ஒரு பங்கு தோட்டமண், ஒரு பங்கு தென்னைநார்க் கழிவு, ஒரு பங்கு மக்கிய உரம் சேர்த்து, செடிக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து ஒரு வாரம் ஈரமாக வைத்துவிட்டு நடுங்கள். புண்ணாக்கு போட்ட அன்றே நட்டால் அது புளிக்கும் சூட்டில் இளம் வேர் கருகும்.

புண்ணாக்கு வாங்கும்போது மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆமணக்குப் புண்ணாக்கும் நல்ல உரம்தான். ஆனால் எண்ணெய் எடுத்த பிறகும் ரைசின் என்ற விஷம் புண்ணாக்கில்தான் தங்கும். சரியாகச் சூடேற்றி அதை முறிக்காத புண்ணாக்கு என்றால் ஆபத்து. அதன் வாசனை நாய்க்கு ரொம்பப் பிடிக்கும், மண்ணைத் தோண்டித் தின்னும். நாய் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம்.

முட்டுக்கொடுக்க ஒன்றரை முதல் 2 மீட்டர் நீளக் கம்பு, நட்ட அன்றே ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேரைக் குத்தும். மூங்கில், இரும்புக் கம்பி, நெகிழிக் குழாய் எதுவும் சரி. அரளிக் கிளை நேராக, வழவழப்பாக, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் ஒடித்து ஊன்றத் தோன்றும். செய்யாதீர்கள். அதன் பால் கையில் ஒட்டும், அதே கை பழம் பறிக்கும். போதாததற்கு அந்தக் கம்பே வேர்விட்டுத் தழைத்துவிடும். கட்டும் கயிறு கம்பைச் சுற்றி ஒரு வளையம், செடியைச் சுற்றித் தளர்வாக ஒரு வளையம், நடுவில் குறுக்கே ஒரு பின்னல் என்று 8 வடிவில் இருக்கட்டும். தண்டு பருக்க இடம் வேண்டும்.

கொடி ரகத்தில் இலைக்கும் தண்டுக்கும் நடுவே கிளம்பும் பக்கக் கிளைகளை 5 சென்டிமீட்டர் நீளத்துக்குள் கையாலேயே கிள்ளிவிடுங்கள். ஒன்று அல்லது இரண்டு தண்டு போதும். குட்டை ரகத்தில் இதைச் செய்தால் விளைச்சலைத்தான் கிள்ளி எறிகிறீர்கள், ஏனென்றால் அதன் பூவில் பெரும்பகுதி அந்தக் கிளைகளில்தான் வரும். எந்த ரகம் என்று தெரியாமல் கிள்ள ஆரம்பிப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு.

தண்ணீரும் காயும்

மண்ணில் விரலை 5 சென்டிமீட்டர் நுழைத்துப் பாருங்கள். அங்கே ஈரம் இல்லையென்றால் தண்ணீர், இருந்தால் வேண்டாம். விடும்போது வேர் முழுக்க நனையும்படி, இலையில் படாமல், காலையில் விடுங்கள். 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் ஈரம் ஏறி இறங்காது, மழைத்துளி மண்ணைத் தெறித்து அடி இலைகளுக்கு நோயைக் கொண்டுபோகாது. மூடாக்குக்கு வைக்கோல், காய்ந்த புல், சாதாரண மரத்தின் சருகு போதும். அரளி, ஊமத்தை, ஆமணக்கு இலைகளைக் காய்கறிப் பாத்தியில் பரப்பவே கூடாது.

காயின் அடிப்பகுதி தோல்போலக் கறுத்துக் குழிந்தால் அது நோய் இல்லை. காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. மண்ணில் கால்சியம் இருந்தும் இது வரும், காரணம் தண்ணீர்: மூன்று நாள் காயவிட்டு நான்காம் நாள் குளமாக்கினால் கால்சியம் காய்வரை ஏறாது. தழைச்சத்து உரம் அதிகமானாலும் இப்படித்தான். முட்டை ஓடு போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அது கரைந்து வேருக்கு எட்டுவதற்குள் இந்தப் பருவமே முடிந்துவிடும். எப்சம் உப்பு இன்னும் மோசம், அதிலுள்ள மெக்னீசியம் கால்சியத்தோடு போட்டிபோடும். கறுத்த காய்களைப் பறித்து எறிந்துவிட்டு, தண்ணீரை ஒழுங்காக்குங்கள். அடுத்த கொத்து நன்றாக வரும்.

பூ வந்து உதிர்ந்துகொண்டே இருந்தால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். பகலில் 35 டிகிரியையும் இரவில் 24 டிகிரியையும் தாண்டினால் மகரந்தம் செயலிழக்கும். உரம் எவ்வளவு போட்டாலும் காய் பிடிக்காது. மதிய வெயிலுக்கு மட்டும் நிழல்வலை கட்டிக் காத்திருங்கள். சூடு சரியாக இருந்தும் உதிர்ந்தால் காற்றில்லாத மூலையில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கும். மகரந்தம் உதிர ஓர் அதிர்வு போதும். காலை 10 மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. செடி கருகருவென்று தழைத்து, பூவே வராமல் நின்றால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது. உரத்தை நிறுத்துங்கள்.

முதல் காய்கள் கோலிக்குண்டு அளவுக்கு வந்த பிறகு 15 நாளுக்கு ஒருமுறை செடிக்கு 200 கிராம் மண்புழு உரம் கொடுத்தால் போதும். கோடையில் பழம் சிவக்காமல் மஞ்சளாகவே நின்றால் ரகத்தைக் குறை சொல்ல வேண்டாம். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. காய் வெளிறி, அடியில் லேசாகச் சிவப்பு தெரிந்ததும் பறித்து வீட்டுக்குள் வைத்துப் பழுக்கவிடுங்கள், வெடிப்புக்கும் பறவைக்கடிக்கும் தப்பும்.

செடி வாடினால், சுருண்டால்

பச்சை மாறாமல், இலை மஞ்சளாகாமல், ஈரம் இருந்தும் செடி ஒரே நாளில் தொங்கிப்போனால் பாக்டீரியா வாடல் என்று சந்தேகப்படுங்கள். சோதிப்பது சுலபம். தண்டின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுகம் மட்டும் தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுமுகத்திலிருந்து பால்போன்ற வெள்ளை இழை கீழே இறங்கினால் அதேதான். மருந்து கிடையாது. வேரோடும் அடிமண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்த இடத்தில் 3 வருடத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு வேண்டாம்.

இலை மேல்நோக்கிக் கிண்ணம்போலச் சுருண்டு, சிறுத்து, ஓரம் மஞ்சளாகிச் செடி குட்டையாக நின்றால் இலைச்சுருட்டை வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவருவது. பாதித்த செடியை உடனே பிடுங்கிவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் பக்கத்துச் செடியும் போகும். நாற்றுப் பருவத்தில் அங்குலத்துக்கு 40–50 கண்ணி உள்ள நைலான் வலை மூடினால் பாதிப் பிரச்சினை வராது. பிறகு மஞ்சள் ஒட்டுப்பொறி. 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய்: முதலில் எண்ணெயில் சில துளி சோப்புக் கரைசல் விட்டுக் குழைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து, சாயங்காலம் இலையின் அடியில் படும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

அடி இலைகளில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி வந்தால் இலைக்கருகல். தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் வரையுள்ள இலைகளை நீக்கினால் பெரும்பாலும் அடங்கும். காய்ப்புழுவுக்குத் துளை விழுந்த காயைப் பறித்துப் புழுவோடு நசுக்குவதே கை கண்ட வைத்தியம். புகையிலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் நாற்றைத் தொடாதீர்கள், மொசைக் வைரஸ் அப்படியும் வரும்.

விஷச்செடிகளைக் கையாளும் விதம்

எல்லா விஷச்செடியும் ஒரே தரத்தில் இல்லை. பாயின்செட்டியாவைப் பார்த்து நடுங்குபவர்கள் பலர். அதன் பால் தோலை அரிக்கும், வயிற்றைக் குமட்டும், பெரும்பாலும் அதோடு சரி. அதே வீட்டு வாசலில் மஞ்சள் அரளிக் காய் சிந்திக் கிடக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை.

உயிருக்கு ஆபத்தானவை இவை: அரளி, மஞ்சள் அரளி, அடினியம் மூன்றும் இதயத் துடிப்பைக் குலைக்கும். செங்காந்தளின் விஷமான கோல்ச்சிசின் செடி முழுக்க உண்டு, கிழங்கில் அதிகம். அந்தக் கிழங்கு மண்ணிலிருந்து எடுத்ததும் உண்ணும் கிழங்குபோலவே இருக்கும் என்பதால், கிழங்குப் பயிர் இருக்கும் பாத்தியில் செங்காந்தள் கூடாது. ஆமணக்கு விதையும் குன்றிமணியும் கடித்தாலோ உடைந்தாலோ மிக ஆபத்து. பளபளக்கும் குன்றிமணி, குழந்தை கையில் எடுக்கத் தூண்டும் விதை. காய் வெடிக்கும் முன்பே பறித்துவிடுங்கள். ஊமத்தையும் பிருக்மான்சியாவும் மயக்கம், பிதற்றல், அதிவேக நாடித்துடிப்பு வரை கொண்டுபோகும்.

டிஃபன்பேக்கியா, கலாடியம் கடித்தால் உள்ளே இருக்கும் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நாக்கிலும் தொண்டையிலும் குத்தும், உடனே எரியும், வீங்கும். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் வீக்கம் மூச்சை அடைத்தால் விஷயம் வேறு. கள்ளி வகைகளில் கண்ணுக்குத்தான் பயம், திருகுகள்ளிப் பால் தெறித்தால் கருவிழியே புண்ணாகும். பூனை இருக்கும் வீட்டில் லில்லி வேண்டாம், மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். நாய் இருந்தால் பனைபோலத் தோன்றும் அழகுச்செடியான சைகஸ் வேண்டாம்.

கவாத்து செய்யும்போது நீளக் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. அரளிக்கு ஒரு கத்தரிக்கோல், தக்காளிக்கு ஒரு கத்தரிக்கோல். பிடியில் வேறு வேறு நிறத்தில் நாடா சுற்றிவிட்டால் மாறாது. ஊமத்தையைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் அந்தப் பக்கத்துக் கண்மணிப் பாவை மட்டும் விரிந்து, பார்வை மங்கும். வேறு ஏதோ பெரிய நோய் என்று மருத்துவமனையே ஒரு கணம் திகைக்கும், செடியைத் தொட்டதைச் சொல்லிவிடுங்கள்.

வெட்டிய அரளியை எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. வேலிக்கு வெளியே வீசாதீர்கள், பச்சையாக இருக்கும்போது ஒதுக்கும் ஆடுமாடுகள் வாடிய இலையைத் தின்றுவிடும். காய்கறிக்கான மக்குக் குழியிலும் சேர்க்க வேண்டாம். தனிப் பையில் கட்டிக் குப்பையோடு அனுப்பிவிடுங்கள். சேமித்த விதைப் பொட்டலத்தில் அன்றே பெயரும் தேதியும் எழுதுங்கள். விஷச்செடி விதை காய்கறி விதை இருக்கும் டப்பாவில் இருக்கக்கூடாது.

தக்காளியும் முழுச் சாது இல்லை. இலையிலும் தண்டிலும் டொமாட்டின் என்ற நச்சு உண்டு, பச்சைக் காயிலும் உண்டு, பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும். கிள்ளிப்போட்ட கிளைகளை நாயோ ஆடோ மேய விடாதீர்கள்.

வாயில் போட்டுவிட்டால்

வாயில் இருப்பதை விரலால் வழித்தெடுத்து, தண்ணீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், உப்புத் தண்ணீர் கொடுக்கவே வேண்டாம். செடியின் பால் கண்ணில் தெறித்திருந்தால் இமையைத் திறந்து பிடித்து, ஓடும் சுத்தமான தண்ணீரில் 15–20 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும்.

அரளி, மஞ்சள் அரளி, அடினியம், செங்காந்தள், ஆமணக்கு, குன்றிமணி, ஊமத்தை, பிருக்மான்சியா என்றால் ஆள் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். அறிகுறி வரச் சில மணி நேரம் ஆகலாம், ஆமணக்கு, குன்றிமணி, செங்காந்தளில் அதற்கும் மேல் தாமதமாகலாம். உங்கள் பகுதி நச்சுத் தகவல் மையத்தின் எண்ணை இன்றே கைபேசியில் பதிந்து வையுங்கள். கிளம்பும்போது பூவோ காயோ உள்ள ஒரு கிளையைப் பையில் கட்டி எடுத்துப்போங்கள், வாந்தி எடுத்திருந்தால் அதையும். எத்தனை விதை, எத்தனை மணிக்கு என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.